பச்சைப் பொத்தானை வைத்தது யார்?

அத்தியாயம் பதினேழு

போன வாரம் புஷ்பவல்லி ஓங்கிச் சாத்திவிட்டுப் போன கதவின் சத்தம் குமுதாவின் காதில் இன்னும் அடங்கவில்லை. "உங்க கம்பெனி செஞ்ச கூத்துக்கு என் வேலை போகணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனவள், அதன் பிறகு தம்பி வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. போன் செய்தாலும் எடுப்பதில்லை.

அவள் கேட்டதில் என்ன தப்பு?

புஷ்பவல்லி சிவநேசனின் அக்கா. கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். கிள்ளானுக்குப் பக்கத்தில் தெலுக் பங்லிமா காராங்கில், உறைய வைத்த இறைச்சியையும் மீனையும் லோரிகளில் கடைகளுக்கு அனுப்பும் ஒரு குளிர்கிடங்கில் இருபது வருடத்துக்கும் மேலாக கிளார்க். மறுநாள் எந்தக் கடைக்கு என்ன போக வேண்டும் என்று மாலையில் கம்ப்யூட்டரில் சரிபார்த்து, ஆர்டர்களை அனுப்பிவைப்பது அவள் வேலை. அந்தக் கம்ப்யூட்டருக்குப் புதிய மென்பொருள் செய்து கொடுத்தது, ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு கடைவரிசையின் மாடியில் சிவநேசன் நடத்தும் சின்ன நிறுவனம். அதில் திரைகளை வடிவமைப்பவள் அவன் மனைவி குமுதா.

தீபாவளிக்கு முந்தின வாரம், புஷ்பவல்லி ஒரு பொத்தானை அழுத்தினாள். மறுநாள் ஆர்டர்கள் அத்தனையும் ரத்தாகிவிட்டன. விடிந்தபோது லோரிகள் காலியாக நின்றன. கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஆட்டிறைச்சிக்கு வந்தவர்கள் கடைக்காரர்களைத் திட்ட, கடைக்காரர்கள் கிடங்கைத் திட்ட, கிடங்கு புஷ்பவல்லியின் தலையில் எல்லாவற்றையும் கொட்டியது. இன்று காலை விசாரணை. கவனக்குறைவு என்று முடிவானால் அவளுக்கு வேலை இல்லை. இந்த வயதில் இன்னொரு இடம் யார் கொடுப்பார்கள்?

செந்தூல் கொண்டோவில், தங்கள் அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்த குமுதாவுக்கு, ஸ்பூன் கோப்பையில் இடிக்கும் சத்தம்கூட எரிச்சலாக இருந்தது.

ஒரு வாரமாக சிவநேசன் ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தான். விசாரணைக்கு அக்கா பக்கம் அவள் சாட்சியாகப் போகக் கூடாது. போனால் கிடங்கின் கான்ட்ராக்ட் போய்விடும். கான்ட்ராக்ட் போனால் ஆபீஸுக்குப் பூட்டுத்தான். அவளும் ஒரு வாரமாக அதே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்று காலை மட்டும் அவன் அந்தப் பாட்டைப் பாடவில்லை. சட்டையை இஸ்திரி போட்டபடி, "போயிட்டு வா. ஸ்கிரீனைப் பார்த்தா அவங்களுக்கே புரிஞ்சிடும்" என்றான்.

அந்த வார்த்தை அப்போதே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. இத்தனை சண்டைக்குப் பிறகாவது மனிதனுக்குப் புத்தி வந்ததே என்று நினைத்துக்கொண்டு கார் சாவியை எடுத்தாள்.

நெடுஞ்சாலை நெடுகக் கண்டெய்னர் லோரிகள். அவற்றுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே, விசாரணையில் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். அன்று புஷ்பவல்லியின் முன்னால் இருந்த திரை அப்படியே கண்முன் வந்தது.

கீழே இரண்டு பொத்தான்கள், ஒன்றையொன்று உரசிக்கொண்டு. ஒன்று 'ஹந்தார்', அனுப்பு. தினமும் அழுத்த வேண்டியது. இன்னொன்று 'பத்தால் செமுவா', எல்லாவற்றையும் ரத்து செய். வருடத்துக்கு ஒரு தடவைகூடத் தேவைப்படாதது. கிடங்கின் ஜெனரல் மேனேஜருக்குச் சிவப்புதான் ராசி. லோரியும் சிவப்பு, சட்டையும் சிவப்பு. முக்கியமான பொத்தான் சிவப்பாக இருந்தால்தான் 'ஓங்' வரும், அதிர்ஷ்டம் கூடும் என்று அவர் சொல்ல, அனுப்பும் பொத்தான் சிவப்பாயிற்று. பக்கத்தில் எடுப்பாக இருக்கட்டும் என்று ரத்து செய்யும் பொத்தானுக்குப் பச்சையைப் போடச் சொன்னான் சிவநேசன்.

பச்சை என்றால் போ, சிவப்பு என்றால் நில். ரோட்டில் சிக்னலைப் பார்த்து வளர்ந்த உலகத்துக்கே அது தெரியும். குமுதா வாய் வலிக்கச் சொன்னாள். ஆபீஸ் சுவரில் அவள் ஒட்டியிருந்த விதிகளில் முதல் விதியே அதுதான்: நிறத்துக்கு மக்கள் மனதில் ஏற்கனவே ஒரு பொருள் இருக்கிறது, அதோடு சண்டைக்குப் போகாதே. ஆபத்தான பொத்தானைத் தள்ளி வை, சின்னதாக வை, தவறிப்போனால் திரும்பி வர வழி வை என்றும் எழுதியிருந்தாள். வருகிறவர்களிடமெல்லாம் அந்தச் சுவரைக் காட்டிப் பெருமையடித்துக்கொள்வான் சிவநேசன். வேலை என்று வந்தால் கஸ்டமர் கேட்டதைக் கொடுத்துவிட்டு மறு பேச்சுப் பேச மாட்டான்.

அது மட்டுமா? எதை அழுத்தினாலும் 'அண்டா பாஸ்தி?' என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். நிச்சயமா என்று கேட்கும். எது நிச்சயமா என்று சொல்லாது. அச்சடித்தாலும் கேட்கும், தேதியை மாற்றினாலும் கேட்கும், மூடினாலும் கேட்கும். 'ஆம்' என்பது முன்கூட்டியே தேர்வாகி இருக்கும். என்டரைத் தட்டினால் போதும். நாள் முழுக்க இதே கேள்வி கேட்டால் எந்த மனுஷி படித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள்? அன்று மாலை போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஒரு கடைக்காரருக்குப் பதில் சொல்லிக்கொண்டே புஷ்பவல்லியின் கை பச்சைக்குப் போனது. பெட்டி வந்தது. விரல் தானாக என்டரைத் தட்டிவிட்டது.

இதைக் கவனக்குறைவு என்கிறவர்கள் ஒரு நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

கிடங்கின் வாசலில் புஷ்பவல்லி நின்றிருந்தாள். கஞ்சி போட்ட காட்டன் சேலை, இறுக்கமான கொண்டை, அதைவிட இறுக்கமான முகம். குமுதாவைப் பார்த்ததும் தலையை மட்டும் அசைத்தாள்.

"சாப்பிட்டீங்களா அண்ணி?"

"சாப்பிட வரலை. வா."

விசாரணை அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைமை நாகையா என்பவர். பட்டர்வொர்த் கிளையிலிருந்து இதற்காகவே வரவழைக்கப்பட்ட மேனேஜர். கண்ணாடியை நெற்றியில் தூக்கி வைத்துக்கொண்டு பேசும் பழக்கம் அவருக்கு. கெட்டவராகத் தெரியவில்லை. அவசரக்காரராகத் தெரிந்தார்.

முதலில் புஷ்பவல்லியின் பக்கத்து மேசைக்காரி தாமரையைக் கூப்பிட்டார்கள். ரத்து செய்யும் பொத்தான் என்ன நிறம் என்று கேட்டதற்கு, தினமும் பார்ப்பதால் கவனித்ததில்லை என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள் தாமரை. பயமாகவும் இருக்கலாம், நிஜமாகவும் இருக்கலாம். தினமும் பார்க்கும் திரையை யாரும் பார்ப்பதில்லை என்று குமுதாவுக்குத் தெரியும். புஷ்பவல்லியின் மூக்கு மட்டும் சிவந்தது.

அடுத்து குமுதா. யாரோ ஒருவர் கிடங்கின் கம்ப்யூட்டரைத் திறந்து, சுவரில் பெரிதாக விழும்படி செய்தார். மென்பொருள் மெல்ல எழுந்தது.

"இதுல என்ன தப்புன்னு காட்டுங்க லா, மிஸஸ் சிவநேசன்" என்றார் நாகையா.

குமுதா எழுந்து சுவரருகே போனாள். கையைத் தூக்கினாள். தூக்கிய கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

பச்சைப் பொத்தான் இல்லை.

'ஹந்தார்' மட்டும் சிவப்பாக, தனியாக நின்றது. 'பத்தால் செமுவா' திரையின் அந்தக் கோடியில், சாம்பல் நிறத்தில், சின்ன எழுத்தில் ஒதுங்கி இருந்தது. அவள் மவுஸை வாங்கி அதை அழுத்திப் பார்த்தாள். 'நாளைய ஆர்டர்கள் அனைத்தும் ரத்தாகும்' என்று மலாயில் தெளிவாக ஒரு வாக்கியம் வந்தது. 'ரத்து செய்யாதே' என்ற பதில் முன்கூட்டியே தேர்வாகி இருந்தது. பக்கத்திலேயே, ரத்து செய்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் திரும்பப் பெறலாம் என்று ஒரு குறிப்பு.

அது அவள் வரைந்த திரை. எழுத்தின் அளவிலிருந்து இடைவெளி வரை அவள் வரைந்தது. மாதக்கணக்கில் அவள் கெஞ்சிக் கேட்டும் சிவநேசன் தொடாமல் போட்டு வைத்திருந்த அதே திரை. சுவரில் பெரிதாகப் பார்த்தபோது ஒரு கணம், ஒரே ஒரு கணம், எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. அடுத்த கணமே உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி ஆனது. காலையில் அவன் சொன்னதன் அர்த்தம் இப்போதுதான் விளங்கியது.

"ரொம்ப கிளியரா இருக்கே" என்றார் நாகையா. "இவ்வளவு சொல்லியும் ஒருத்தங்க தப்பா அழுத்தினா, ஸ்கிரீனையா குறை சொல்வீங்க?"

அன்று இருந்த திரை இது இல்லை என்றாள் குமுதா. கைப்பேசியில் வைத்திருந்த பழைய திரையின் படத்தை நீட்டினாள். அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவர்களிடம் காட்டினார், திருப்பிக் கொடுத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. இந்த மாதிரி படம் வரையறதுதானே உங்க வேலை? நேத்து உட்கார்ந்து நீங்களே வரைஞ்சிருக்கலாம். நீங்க இவங்களுக்குச் சொந்தம் வேற."

குமுதா கைப்பேசியைப் பைக்குள் போட்டாள். உண்மைதான். இல்லாத திரையை இருப்பது போல வரைந்து காட்டித்தான் அவள் சம்பளம் வாங்குகிறாள். நிஜமாக இருந்ததைக் காட்டினால் இன்று நம்ப ஆளில்லை. பத்து நிமிடம் அவகாசம் கேட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

படிக்கட்டுக்குக் கீழே நின்று சிவநேசனுக்கு போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான், காத்திருந்தவன் போல. கார் ஓடும் சத்தம் கேட்டது.

"நீங்கதானே மாத்தினீங்க?"

"நீதானே மாத்து மாத்துன்னு உயிரை எடுத்தே. நேத்து சாயந்திரம் மாத்தி அனுப்பிட்டேன். காலையில திறந்தா தானா மாறிடும்."

"இன்னைக்கு விசாரணைன்னு தெரிஞ்சு மாத்தினீங்க."

அவன் மடமடவென்று கொட்டினான். ஜெனரல் மேனேஜர் கூப்பிட்டாராம். குற்றம் திரையில்தான் என்று வந்தால் கான்ட்ராக்டும் கிடையாது, அதற்கு மேல் கேஸும் போடுவேன் என்றாராம். ஆபீஸில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு அவன் என்ன பதில் சொல்வான்? அக்காவை அவன் அம்போவென்று விட்டுவிடவா போகிறான்?

"அக்காவுக்கு நம்ம ஆபீஸ்லயே ஒரு வேலை போட்டுக் கொடுத்திடலாம் குமு. நான் பார்த்துக்கறேன்."

"அவங்க உங்ககிட்ட வேலை கேக்கலை. அவங்க வேலையை நீங்க பறிக்காம இருந்தா போதும்."

"நான் அங்கதான் வந்துட்டிருக்கேன். வர்ற வரைக்கும் நீ வாயைத் திறக்காதே."

அவள் போனை வைத்தாள். பொய் சொல்லியிருந்தால்கூட இப்படி எரிந்திருக்காது. நல்லதைச் செய்கிறேன் என்று செய்து கழுத்தை அறுத்திருக்கிறான். அதுவும் அவள் கையால் வரைந்ததை வைத்தே.

திரும்பினால் புஷ்பவல்லி நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. எதையும் மறைக்கும் மனநிலையில் குமுதாவும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். புஷ்பவல்லி தம்பியைத் திட்டுவாள், இல்லை அழுவாள் என்று எதிர்பார்த்தாள். இரண்டும் நடக்கவில்லை.

"அந்தப் பச்சையை வரைஞ்சது யாரு?"

"நான்தான் அண்ணி. வேண்டாம்னு எவ்வளவோ சொன்னேன்."

"சொன்னே. அப்புறம் வரைஞ்சும் கொடுத்தே. ஆபீஸ்ல விதி எழுதிச் சுவத்துல ஒட்டிட்டா முடிஞ்சு போச்சா? அந்தச் சுவத்துக்கு முன்னால உட்கார்ந்திருக்கிறது நீங்க. ஸ்கிரீனுக்கு முன்னால உட்கார்ந்திருக்கிறது நான்."

"தப்புதான் அண்ணி" என்றாள் குமுதா.

"அவனைக் காட்டிக் கொடுக்காம என்னைக் காப்பாத்த முடியுமா உன்னால?" என்று கேட்டாள் புஷ்பவல்லி. குரலில் கொஞ்சமும் குழைவு இல்லை.

"முடியாது."

"சரி. அப்ப நான் சொல்றேன். கேட்டா நீ ஆமான்னு மட்டும் சொல்லு. சொல்லுவியா மாட்டியா, இப்பவே சொல்லிடு."

கான்ட்ராக்ட், ஆபீஸ், வேலை செய்யும் பிள்ளைகள், செந்தூல் வீட்டுக் கடன், இன்று இரவு ஒரே வீட்டில் அவன் முகத்தைப் பார்க்க வேண்டியது எல்லாம் குமுதாவின் கண்முன் வந்து போயின. இவ்வளவையும் தூக்கி இந்த ஒரு மனுஷியின் தலையில் வைத்துவிட்டு நிம்மதியாகச் சோறு தின்ன முடியுமா?

"சொல்லுவேன்" என்றாள்.

உள்ளே போனார்கள். கடைசியாக ஏதாவது சொல்ல வேண்டுமா என்று நாகையா கேட்டார். புஷ்பவல்லி எழுந்து நின்றாள். உட்கார்ந்தே பேசலாம் என்று அவர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

"அழுத்தினது நான்தான், சார். இல்லைன்னு எப்பவும் சொல்லலை. ஆனா அன்னைக்கு அந்தப் பொத்தான் பச்சையா இருந்துச்சு, அனுப்பற பொத்தானுக்குப் பக்கத்துலயே இருந்துச்சு. எல்லாத்துக்கும் ஒரே கேள்விதான் கேக்கும். இப்ப நீங்க பார்க்கறது நேத்து மாத்தினது. மாத்தினது என் கூடப் பிறந்த தம்பி. பேரு சிவநேசன். எழுதிக்குங்க."

நாகையா கண்ணாடியை இறக்கிக் குமுதாவைப் பார்த்தார்.

"இவங்க சொல்றது நிஜமா?"

"ஆமா" என்றாள் குமுதா. "மாத்தினது என் ஹஸ்பண்ட். எப்ப மாறிச்சுன்னு உங்க கம்ப்யூட்டரே சொல்லும்."

மென்பொருளின் விவரப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். கடைசியாகப் புதுப்பித்தது நேற்று என்று அதில் இருந்தது. நாகையா நாற்காலியிலிருந்து எழுந்து சுவரருகே வந்து படித்தார். அவருடைய அவசரம் போன இடம் தெரியவில்லை.

மற்ற இருவரோடும் குசுகுசுவென்று பேசிவிட்டு அவர் சொன்னது இதுதான். நேற்று ஏதோ மாறியது என்பது தெரிகிறது. என்ன மாறியது என்பது தெரியவில்லை. அதை மாற்றியவர் பழைய திரையோடு வந்து சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை வரை தவணை. அதற்குள் அவர் வந்து ஒப்புக்கொண்டால் விசாரணை வேறு பக்கம் திரும்பும். வராவிட்டால், இருப்பதை வைத்துத்தான் முடிவு. இருப்பது என்னவென்று சுவரே காட்டிக்கொண்டிருந்தது.

இருவரும் வெளியே வந்தபோது சிவநேசன் மாடிப்படி ஏறி வந்துகொண்டிருந்தான். காலையில் இஸ்திரி போட்ட சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்னக்கா சொன்னே உள்ள?"

"நடந்ததைச் சொன்னேன்."

அவன் குமுதாவைப் பார்த்தான். "நீயுமா?"

"நானும்தான்."

அவன் முகம் கறுத்தது. ஆபீஸைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டீர்கள் என்றான். யாருக்காக இந்தப் பாடுபடுகிறேன் என்று கேட்டான். புஷ்பவல்லி அவன் முன்னால் வந்து நின்றாள்.

"யாருக்காகன்னு எனக்குத் தெரியாது சிவா. எனக்காக இல்லைன்னு மட்டும் தெரியும். இன்னும் அவங்க எழுந்து போகலை, உள்ளதான் இருக்காங்க. இப்பவே போய்ச் சொல்லு. வெள்ளிக்கிழமை வரைக்கும் எதுக்கு?"

தாழ்வாரத்தில் இரண்டு கதவுகள் இருந்தன. இடது பக்கம் விசாரணை அறை. நேர் எதிரே, சிவப்புப் பலகை மாட்டிய ஜெனரல் மேனேஜரின் அறை. சிவநேசன் இடது பக்கம் திரும்பிப் பார்த்தான். திறந்திருந்த கதவு வழியே, சுவரில் குமுதாவின் திரை இன்னும் தெரிந்துகொண்டிருந்தது. ஒரு அடி அந்தப் பக்கம் வைத்தான்.

பிறகு சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நேராக நடந்தான். சிவப்புப் பலகைக்குக் கீழே இருந்த கதவைத் தட்டினான். உள்ளே போனான். கதவு மூடிக்கொண்டது.

புஷ்பவல்லி அந்தக் கதவை வெறித்துப் பார்த்தாள். ஓடிப்போய் அதை உதைப்பாளோ என்றுகூடக் குமுதாவுக்குத் தோன்றியது. அவளோ சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்க ஆரம்பித்தாள்.

"கிள்ளானுக்கு, என் வீட்டுக்கு வண்டியை விடு" என்றாள், திரும்பிப் பார்க்காமலே. "துணி எடுத்துக்கணும். வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் உங்க வீட்டுலதான் இருக்கப் போறேன். காலையில, சாயந்திரம், சோத்துத் தட்டுல கை வைக்கும்போது, எப்பவும் அவன் கண்ணு முன்னாடி என் மூஞ்சிதான் இருக்கணும்."